எட்டு நாற்காலி, ஒரு பெஞ்சு

டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் டக். நத்தர்ஷா ராவுத்தருக்கு அந்தச் சத்தம் நேராகப் பின்மண்டையில் வந்து விழுந்தது, யாரோ விரலை மடக்கிச் சுண்டுகிற மாதிரி. கதவோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து மசாலு காலை ஆட்டுகிறான், வேறென்ன. பதினோரு மாசமாக ஒவ்வொரு கூட்டத்திலும் இதே ஆட்டல்தான். நாலு பேர் பேசுகிற சபையில் காலை ஆட்டக்கூடாது என்று அவனுக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. திரும்பி ஒரு முறை முறைத்தால் நின்றுவிடும். ஆனால் திரும்பினால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமைச் சந்தைக்கு அப்புறம் அந்த முகத்தைப் பார்க்கிற தெம்பு ராவுத்தருக்கு இல்லை. அதனால் எதிரே ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஏரி வெள்ளையாகக் கிடந்தது. தண்ணீருக்கு மேலே ஏரிப்பூச்சிகள் கம்பம் கம்பமாக எழும்பி நின்றன, தூரத்தில் நாலு இடத்தில் வைக்கோல்போர் பற்றிக்கொண்டு புகைகிற மாதிரி. நாலு. ஏன் நாலு என்று எண்ணினோம்? மூன்றாகவும் இருக்கலாம், ஒன்று இரண்டாகப் பிரிகிறது. போர்டு குமாஸ்தா டிமெல்லோ போன மாதக் கூட்டத்துக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தார், கோவாக்காரர், சுத்தமான காலர், மாதாகோயிலில் பூசை ஓதுகிற ராகத்திலேயே சாக்கடையையும் கழுதையையும் ஓதுவார். மேலண்டைத் தெருச் சாக்கடை. பஜாரில் அவிழ்த்துவிடப்பட்ட கழுதைகள். நாய்க்கு லைசென்ஸ். ஆப்பிரிக்காவில் இந்த இசுங்கா டவுன் போர்டில் ராவுத்தர் மெம்பராகி மூன்று வருஷமாயிற்று. மூன்று வருஷமாக அதே கழுதைகள்தான் அவிழ்ந்து திரிகின்றன. மாட்டைத் தவிர வேறெதைப் பற்றியும் ஒரு வார்த்தை அவர் இந்த மேஜையில் பேசியதில்லை. இன்றைக்குத்தான் பேச வேண்டும். கழுதை முடிந்து, சாக்கடை முடிந்து, ஐந்தாவது விஷயம் வரும். அப்போது அவர் எழுந்து, கோட்டுப் பைக்குள் இருக்கிற காகிதத்தை எடுத்து, இரண்டே வரியைப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. மாடு பிடிக்கிற வேலையா, கல் உடைக்கிற வேலையா? இரண்டு வரி.

புதுச் செருப்பு போட்டிருக்கலாம், ஷூ எதற்கு. பெண்டாட்டி ஜெய்த்தூன்தான் காலையில் கேட்டாள், "இங்கருங்க, காலைக் கடிக்கிறதை ஏன் கட்டிக்கிட்டு அழுவுறீங்க, மேசைக்கு அடியில யாரு பாக்கப் போறா?" அவளுக்கென்ன தெரியும். மேஜைக்கு அடியில்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஜேட்டாலால் வக்கீல் பார்ப்பான், பஞ்சுமில் கரம்சி பார்ப்பான், அவன்களுக்கு ராவுத்தர் என்றால் மாட்டுத் தரகன், காலில் சாணி ஒட்டியிருக்கிறதா என்றுதான் முதல் பார்வை. இந்த மேஜையைச் சுற்றி எட்டு நாற்காலி. நாலு வெள்ளைக்காரருக்கு, நாலு நம்மவருக்கு. நம்மவர் என்றால் ஜேட்டாலால், கரம்சி, மரக்கடை சர்தார், கடைசியாக ராவுத்தர். சர்தார் பஞ்சாபுக்குப் போய் ஆறு மாசம், இனி வரமாட்டார், அவர் நாற்காலியில் டிமெல்லோ ஃபைலை அடுக்கி வைத்திருக்கிறார். ஒன்பதாவதாகக் கதவோரம் ஒரு பெஞ்சு. அதில் ஆப்பிரிக்கர் தரப்பில் யோகானா மசாலு. உட்காரலாம், கேட்கலாம், கேட்டால் பதில் சொல்லலாம், ஓட்டு மட்டும் கிடையாது. அதற்கு ‘பார்வையாளர்’ என்று பேர். இப்போது தலைநகரிலிருந்து கவர்னர் கையெழுத்தோடு புது ஏற்பாடு வந்திருக்கிறது. எட்டு நாற்காலியில் நாலு ஆப்பிரிக்கருக்கு, ஓட்டோடு. மிச்சம் நாலில் இரண்டு வெள்ளைக்காரருக்கு, இரண்டு நம்மவருக்கு. நம்மவர் இரண்டு என்றால் யார் அந்த இரண்டு என்று கிளி ஜோசியக்காரனைக் கேட்க வேண்டியதில்லை. இங்கிலீஷ் தெரிந்த வக்கீலும் மில் வைத்திருக்கிறவனும். தமிழில் கையெழுத்துப் போடுகிற மாட்டுக்காரனா? கை பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், மரியாதையாகத்தான், டீ கொடுத்து. டக்.

ஆட்டுடா, நல்லா ஆட்டு. ராவுத்தர் நாற்காலியின் கையை உள்ளங்கையால் தடவினார். தேக்கு. இந்த ஊரில் தேக்கு கிடையாது, கப்பலில் வந்த தேக்கு, அவரை மாதிரியே. வழுவழுவென்று, முன்னால் இருந்தவர்களின் வியர்வை ஊறி ஊறி, நல்ல கறவை மாட்டின் மடி மாதிரி. இதற்காக எத்தனை படி ஏறினோம். சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு மாடு ஓட்டிக் கொடுத்து, ஜில்லா அதிகாரிகளாக வந்த மூன்று டி.சி.க்களுக்குச் சலாம் போட்டு, ஒவ்வொருத்தனும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லி மாற்றலாகிப் போய், நாலாவது ஆளிடம், ‘துரை, இந்த ஊரில் இறைச்சி சாப்பிடுகிற அத்தனை வாயும் என் கையைப் பார்த்துத்தான் திறக்கிறது, எனக்கு ஒரு நாற்காலி இல்லையா’ என்று சுவாஹிலியில் சத்தம் போட்டு, அந்த ஆள் சிரித்துவிட்டுக் கொடுத்தான். மணப்பாறையில் அவரைப் பெற்ற அத்தா தாலுகா கச்சேரி வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். மாடு ஓட்டிப்போக ஒரு அனுமதிக் காகிதத்துக்குக் காலையிலிருந்து நிற்பார். வெயில் அவர் தலைமேல் ஏறி இறங்கும். ஒரு டவாலிப் பையன் கூட உட்காருங்க ராவுத்தரே என்று சொன்னதில்லை. அந்த அத்தா இந்த நாற்காலியைப் பார்க்கவில்லை. ஜெய்த்தூன் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டியிருக்கும்போது வெளியிலிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "எதுங்க ஒங்களுது? அந்தக் கோடியில இருக்கறதா? இதுக்கா இம்புட்டு?" அன்றைக்கு அவளை அடிக்கக் கை ஓங்கியிருந்தார். ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார். அவள் அதற்கும் சிரித்தாள்.

டிமெல்லோ ஒரு தாளைப் புரட்டினார். பஜார் கொட்டகைக் கூரையில் ஓட்டை. கவனிக்க வேண்டியது. போன வருஷமும் கவனிக்க வேண்டியது. மசாலுவுக்கு இதெல்லாம் மனப்பாடம் ஆகியிருக்கும். அவன் எதையும் ஒரு தரம் பார்த்தால் போதும். அப்படித்தான் துண்டுக்கு அடியில் விலை பேசுவதையும் பிடித்துக்கொண்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ராவுத்தர் இந்த ஊர்ச் சந்தைக்கு வந்த புதிதில் மணப்பாறை வழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தார். விலையை வாயால் சொன்னால் சுற்றி நிற்கிறவன் காது நீளும். அதனால் தோள்துண்டைக் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்துப் பேசுவது. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. பத்தா நூறா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். பிடிக்கவில்லை என்றால் எதிராளியின் விரலைத் திருப்பிப் பிடித்து உன் கணக்கைச் சொல். முகத்தில் ஒன்றும் காட்டாதே. மாடு விற்க வருகிற சுகுமா இனத்துக் கிழவன்கள் முதலில் பயந்து கையை இழுத்துக்கொண்டார்கள், இந்த முஹிந்தி, இந்தியாக்காரன், கையில் சூனியம் வைத்திருக்கிறான் என்று. பிறகு அவர்களுக்கே ருசித்துவிட்டது. பெண்டாட்டிக்குத் தெரியாமல் மாடு விற்கலாமே. மசாலு அப்போது மாடு ஓட்டுகிறவன், மொழி சொல்கிறவன், பதினோரு வருஷம் கூடவே இருந்தான். ராவுத்தர் ஒரு கிழவனோடு துண்டுக்குள் இருக்கும்போது பக்கத்தில் நின்று தோள் அசைவதை வைத்தே விலையைச் சொல்லிவிடுவான். "ராவுத்தா, இன்னும் ஒண்ணு ஏத்தினா கொடுத்துடுவான், மூக்கைத் தேய்க்கிறான் பாருங்க." தேய்ப்பான். கொடுப்பான். இந்தியாவில் சுதந்திரம் வந்த சேதி கேட்டு அன்றைக்குச் சந்தை முழுக்க ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஜிலேபி மட்டும் புரிந்தது. மசாலு ஒரு ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான், "வெள்ளைக்காரன் போயிட்டானா உங்க ஊர்ல? அவன் உக்காந்த நாற்காலியெல்லாம்?" "எல்லாம் எங்களுக்குத்தான்டா." "எல்லாமுமா?" "எல்லாமும்." அவன் ஜிலேபியைத் தின்னவே இல்லை, வெகுநேரம் பாகு விரலில் வழிந்துகொண்டே இருந்தது. எட்டு வருஷமாயிற்று. இப்போது எதற்கு அந்த ஜிலேபி.

அப்புறம் ஒருநாள் வந்து, பஞ்சு விவசாயிகள் சங்கம் ஆரம்பிக்கிறோம், நான் போகிறேன் என்றான். ராவுத்தர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். நன்றி கெட்டவன் என்றார், இன்னும் என்னென்னவோ, தமிழில், சுவாஹிலியில், இரண்டும் போதாமல் இந்துஸ்தானியில். அவன் எல்லாவற்றையும் நின்று கேட்டுவிட்டு, "சாயங்காலம் ரெண்டு காளைக்கு மருந்து போடணும், மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கோபம் இருந்திருந்தால் இன்றைக்கு எவ்வளவு சௌகரியம். எங்கே போயிற்று? வயசானால் பல் போகிறது, கோபமும் இப்படி ஒவ்வொன்றாக ஆடி விழுந்துவிடுமா? முன்னெல்லாம் கூப்பிடாமலே வரும். நேற்றைக்கு ஒரு மாட்டுக்காரனைத் திட்ட ஆரம்பித்து பாதியில் அலுத்துவிட்டது. டக். இப்போது வா, கோபமே, வா. அந்தக் காலை ஆட்டுகிறவனுக்காகவாவது வா. வரவில்லை. ஷூவுக்குள் குதிகாலில் தோல் வழன்றுவிட்டது, ஈரமாக இருக்கிறது, ரத்தமோ வியர்வையோ.

சனிக்கிழமை என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. பழக்கதோஷம். அவ்வளவுதான். சந்தை கலைகிற நேரம், புழுதி, மாடுகள் தண்ணிக்குக் கத்துகின்றன. மசாலு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். நாலு வருஷத்தில் முதல் தரம் சந்தைக்கு வருகிறான். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. "சலாம் ராவுத்தா." "சலாம்." "திங்கட்கிழமை கூட்டம்." "தெரியும்." மாடு வாங்க வந்தவன்கள் சுற்றி நின்றார்கள், கரம்சியின் ஆள் ஒருத்தன் காதை நீட்டிக்கொண்டிருந்தான். மசாலு கையை நீட்டினான். ராவுத்தர் யோசிக்கவில்லை. யோசிக்கிறதற்கு முன்னாலேயே தோளிலிருந்து துண்டு இறங்கிக் கைமேல் விழுந்துவிட்டது, மூச்சு விடுகிற மாதிரி. மசாலு கொஞ்சம் சிரித்தான். பழைய சிரிப்பு. துண்டுக்கு அடியில் அவன் கை வந்து ராவுத்தரின் நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தது. சூடான கை, பேனா பிடிக்கிற கைதான், ஆனாலும் உள்ளங்கையில் பழைய கயிற்றுத் தழும்பு இருந்தது. நாலு. நன்றாக அழுத்திப் பிடித்தான். நாலு நாற்காலி. புரிந்தது. என்ன சொல்கிறான் என்று புரியாமல் இல்லை. ராவுத்தரின் கை தன்னை விடுவித்துக்கொண்டு, அவன் கையைத் தேடி, இரண்டு விரலைப் பிடித்தது. இரண்டு.

அப்படித்தானே பேசுவது. அவன் நாலு என்றால் நீ இரண்டு என்று ஆரம்பி, மூன்றில் முடி. உலகத்தில் எந்தத் தரகன் சொன்ன விலைக்குச் சரி என்றிருக்கிறான்? அத்தா செத்துப் போகிற அன்றைக்கு வைத்தியரிடம் கூடப் பாதியிலிருந்துதான் ஆரம்பித்தார். விரல் தானாகப் போனது. குதிரைக்குக் கண்ணைக் கட்டினாலும் வீடு போய்ச் சேராதா, அதுபோல. ஆனால் துண்டுக்கு அடியில் அந்தக் கை அசையாமல் நின்றுவிட்டது. திருப்பிப் பிடிக்கவில்லை. விடவும் இல்லை. செத்த கோழி மாதிரி ராவுத்தரின் பிடிக்குள் இரண்டு விரல். மாட்டுக்காரன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்ன மாடு, எங்கே மாடு என்று. பிறகு மசாலு மெதுவாகக் கையை உருவிக்கொண்டான். "இதுல மாடுதானே பேசுவோம், ராவுத்தா" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். செயினில் எண்ணெய் இல்லை, கிறீச் கிறீச் என்று ரொம்ப தூரம் கேட்டது.

பழக்கதோஷம். இதைச் சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். சோற்றில் கை வைத்தபடி சொன்னார், தொழுகைப் பாயில் உட்கார்ந்து ஓத வேண்டியதை விட்டுவிட்டு இதை ஓதினார். பழக்கதோஷம், கை தானாகப் போனது, மனசு போகவில்லை. போகட்டும், இரண்டு என்றுதான் வந்தது, மூன்று என்று வந்திருக்கலாம், ஒன்று என்று வந்திருக்கலாம், தற்செயல். டிமெல்லோ மூன்றாவது விஷயத்துக்கு வந்துவிட்டார். இடுகாட்டு வேலி. தலைமை நாற்காலியில் ஹாட்டன் துரை பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார், இந்த ஜில்லாவுக்கே டி.சி., முப்பத்தாறு வயசுதான், மூக்கு மட்டும் வெந்து சிவந்திருக்கும். ராவுத்தர் பார்த்தபோது துரையும் பார்த்தார். சின்னதாகத் தலையை அசைத்தார். இரண்டு பேருக்கு மட்டும் தெரிகிற அசைப்பு. துரைக்கும் துண்டுக்கு அடியில் பேசத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் எதிரில் ஜீப் நின்றது. அத்தனை பேர் பார்க்க, இறங்கி வந்து, கை கொடுத்தார். "மிஸ்டர் ரௌதர்" என்றார். மூன்று வருஷத்தில் முதல் ‘மிஸ்டர்’. வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவாஹிலியில் சொன்னார், "நீங்க உலகம் தெரிஞ்சவர். ஒரேயடியா நாலுன்னா இவங்களுக்கே அது பாரம். படிப்படியாப் போகணும். நான் சர்க்கார் ஆள், சர்க்கார் உத்தரவை நான் எதிர்க்க முடியாது, என் ஆளுங்களும் முடியாது. ஆனா உங்க ஜனங்க தரப்புல ஒருத்தர் எழுந்து திருத்தம் சொன்னா, நான் அதை மேலே அனுப்பலாம். ஆசியக்காரங்க பயப்படறாங்க, அஞ்சு வருஷம் பொறுக்கலாம்னு எழுதலாம். யாரும் எழுந்திருக்கலைன்னா உத்தரவு அப்படியே நிறைவேறிடும்." என்ன திருத்தம் துரை என்றார் ராவுத்தர். துரை காகிதத்தை எடுத்தார். ஏற்கெனவே டைப் அடித்து மடித்து வைத்திருந்தது. வெள்ளைக்காரர் மூன்று, நம்மவர் மூன்று, ஆப்பிரிக்கர் இரண்டு. "மூணாவது நீங்கதான். அதை என்கிட்ட விட்டுடுங்க."

வெள்ளிக்கிழமை.

ராவுத்தரின் கை நாற்காலிக் கையிலிருந்து நழுவியது. வெள்ளிக்கிழமை பகல் காகிதம் பைக்குள் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் மசாலு வந்தான். துண்டுக்கு அடியில் இரண்டு விரலைப் பிடித்தபோது இந்தக் காகிதம் சட்டைப்பையில், நெஞ்சுக்கு மேலே, வியர்வையில் நனைந்துகொண்டு இருந்தது. பழக்கதோஷமா? இரண்டு என்பது எங்கிருந்து வந்தது? அத்தாவிடமிருந்தா, மணப்பாறையிலிருந்தா? ஜீப்பிலிருந்து வந்தது. நாற்காலிக்கு வந்த கணக்கு. இரண்டு என்றால்தான் இந்தத் தேக்கு கையில் தங்கும், மூன்று என்றால் தங்காது, அதனால்தான் மூன்று என்று வரவில்லை, ஒன்று என்றும் வரவில்லை, அச்சடித்த மாதிரி இரண்டு வந்தது. இதை இரண்டு நாளாக எந்த மூட்டைக்கு அடியில் போட்டு உட்கார்ந்திருந்தாய், தாயோளி? தன்னையே திட்டிக்கொண்டார். அதிலும் உறைப்பில்லை. சொல்லப்போனால் கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்றிருந்தது. எதற்கு இத்தனை பேரம் பேசினோம், ஐம்பத்திரண்டு வயசு வரைக்கும். கப்பலில் தளத்தில் படுக்க இடத்துக்குப் பேரம், தண்ணீர்க் குவளைக்குப் பேரம், இறங்கின துறைமுகத்தில் ரயில்வே சிப்பாய் அறைந்தபோது ஏன் அறைந்தாய் என்று கேட்காமல் இன்னும் எத்தனை அறைவான் என்று மனசுக்குள் குறைத்துக் குறைத்துக் கேட்டது. எல்லாவற்றிலும் பாதிதான் கிடைத்தது. பாதி கிடைத்ததே என்று சந்தோஷப்படக் கற்றுக்கொண்டதுதான் கெட்டிக்காரத்தனம் என்று ஆகிவிட்டது. மசாலு பாதி கேட்கவில்லை. அவன் நாலு விரலையும் பிடித்தான், எல்லாவற்றையும், கட்டைவிரல் மட்டும்தான் பாக்கி. டக்.

சரி. எழுந்து படிக்காவிட்டால் என்ன ஆகும்? நாற்காலி போகும். நாற்காலி போனால்? மாடு போகாது. மாட்டைத் தின்கிறவன் போகமாட்டான். ஆனால் துரை மறக்கமாட்டார். கசாப்புத் தொட்டி போர்டுக் கட்டடம், அந்த லைசென்ஸ் வருஷா வருஷம் இந்த மேஜையில்தான் வரும். இந்த வருஷம் வக்கீல் கையில் வரும். வக்கீல் மூக்கைப் பொத்திக்கொள்வான், கையெழுத்துப் போடமாட்டான். பஜாரில் பையன்கள் சொல்வான்கள், ராவுத்தருக்குச் சீட்டுக் கிழிந்துபோச்சு. பள்ளிவாசலில் முன்வரிசையில் இடம் விட்டுக் கொடுக்கிறவன் கொஞ்சம் யோசித்துக் கொடுப்பான். ஜெய்த்தூன் சிரிப்பாள். சிரிக்கட்டும். எழுந்து படித்தால்? நாற்காலி இருக்கும். இந்தக் கழுதைகளை இன்னும் ஐந்து வருஷம் கேட்கலாம். நாலுக்குப் பதில் இரண்டு ஆப்பிரிக்கர் எதிரே உட்காருவார்கள். மசாலு இருப்பான் அதில். எதிரே. மேஜைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு. ஒவ்வொரு மாசமும். கவர்னருக்குப் போகிற காகிதத்தில் வெள்ளைக்காரன் பேர் இருக்காது, ராவுத்தர் பேர் இருக்கும், மணப்பாறை நத்தர்ஷா ராவுத்தர் சொன்னபடி இவர்களுக்குப் பாதி போதும். தாலுகா கச்சேரி வாசலில் அத்தாவை நிற்க வைத்தவனுக்கும் ஒரு பேர் இருந்திருக்கும். டவாலிப் பையன் இல்லை, அவனுக்குப் பின்னால், உள்ளே, படிப்படியாகப் போகலாம் என்று சொன்ன எவனோ ஒரு நம்மூர்க்காரன். அவனுக்கும் காலில் ஷூ கடித்திருக்குமோ என்னவோ.

"விஷயம் ஐந்து" என்றார் டிமெல்லோ. ராகம் கொஞ்சம் மாறியது. நாலாவது எப்போது போயிற்று? உத்தரவைப் படித்தார். எட்டு, நாலு, இரண்டு, இரண்டு. இங்கிலீஷில் எண்கள் மட்டும் ராவுத்தருக்கு நன்றாகப் புரியும். பெஞ்சுப் பக்கம் டக் என்ற சத்தம் நின்றுவிட்டது. அது நின்றது இன்னும் கஷ்டமாக இருந்தது. துரை பென்சிலை வைத்துவிட்டு, எல்லோரையும் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்து, கடைசியில் ராவுத்தரிடம் வந்து நின்றார். "திருத்தம் ஏதாவது உண்டா?"

பக்கத்திலிருந்து ஜேட்டாலால் முழங்கையால் இடித்தான். "உட்டோ, எழுந்திருங்க, ராவுத்தர் பாய்" என்றான் பல்லுக்கிடையில். "நான் வழிமொழியறேன்."

ராவுத்தர் எழுந்தார். நாற்காலி பின்னால் நகர்ந்து சிமெண்டுத் தரையில் கத்தியது. கோட்டுப் பைக்குள் கை போயிற்று. முதலில் துண்டு பட்டது. காலையில் மடித்து உள்ளே திணித்தது, கோட்டுக்கு மேலே துண்டு போட முடியாதே. துண்டுக்கு அடியில் காகிதம். விரல் காகிதத்தின் முனையைத் தொட்டது. காகிதத்தில் இருக்கிற இங்கிலீஷ் இரண்டு வரியையும் படிக்கிற மாதிரிச் சொல்ல டிமெல்லோ நேற்று பத்துத் தரம் சொல்லிக் கொடுத்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சுவாஹிலியும் வரவில்லை. நாக்கு மாட்டு நாக்கு மாதிரிக் கனத்துக் கிடந்தது. பைக்குள் கை அங்கேயே நின்றது, எல்லோரும் பார்த்தார்கள், அவருக்கு அந்தக் கையை எடுக்கவே சோம்பலாக இருந்தது, இப்படியே நின்றுகொண்டே தூங்கிவிடலாம், மாடுகள் தூங்குவதில்லையா. பிறகு கை வெளியே வந்தது. வெறுங்கை. அதை அவர் மேஜைக்கு மேலே தூக்கினார், மேலே துண்டு இல்லாமல், சந்தையில் எந்தத் தரகனும் செய்யாத மாதிரி, கட்டைவிரலை மடக்கி, நாலு விரலையும் விரித்து.

"நாலு" என்றார் சுவாஹிலியில். இருமிவிட்டு மறுபடி சொன்னார், இந்தத் தரம் கத்தலாகவே வந்துவிட்டது. "நாலு!"

துரை புருவத்தைத் தூக்கினார். "இது திருத்தமா?"

"இல்ல துரை. திருத்தம் ஒண்ணும் இல்ல. எழுதியிருக்கறது நாலு. நாலுதான்."

"பாகல், பைத்தியம்" என்றான் ஜேட்டாலால், மேஜையைப் பார்த்தபடி. கரம்சி கடிகாரத்தைப் பார்த்தான். துரை பென்சிலை மறுபடி எடுத்து உருட்டினார். ஒரு நிமிஷம் இருக்கலாம், அதற்குள் ஒரு ஏரிப்பூச்சி ஜன்னல் வழியாக வந்து தண்ணீர்க் குவளையில் விழுந்து நீந்தியது. "வேறு யாராவது?" யாரும் இல்லை. "நிறைவேறியது" என்றார் துரை. டிமெல்லோ எழுதினார். "உட்காருங்க, ரௌதர்" என்றார் துரை. மிஸ்டர் இல்லை. வெள்ளிக்கிழமை வந்தது, திங்கட்கிழமை போயிற்று, மூன்று நாள் ‘மிஸ்டர்’. ராவுத்தருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. பெஞ்சுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார், முகத்தைப் பார்க்கத்தான். மசாலு அவரைப் பார்க்கவில்லை. குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

டீ வந்தது. தட்டில் எட்டுப் பீங்கான் கோப்பை, சர்தார் இல்லாவிட்டாலும் எட்டு, வழக்கம். பெஞ்சுக்கு எனாமல் குவளை தனியாக. ராவுத்தர் தன் கோப்பையை எடுத்தார். மேஜையில் யாரும் அவரோடு பேசவில்லை. குதிகால் எரிந்தது. இனி ஒரு நிமிஷம்கூட இந்த ஷூவைத் தாங்க முடியாது என்று தோன்றியது, மேஜைக்கு அடியில் கழற்றலாம், ஆனால் அது நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிக் கதவோரம் போனார். "தள்ளி உக்காரு" என்றார். மசாலு நிமிர்ந்தான். ஒரு பக்கம் நகர்ந்தான், ரொம்பவும் இல்லை, ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு. ராவுத்தர் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு விழுந்துவிட்டது.

"ராவுத்தா" என்றான் மசாலு, நோட்டை மூடிக்கொண்டே. "சனிக்கிழமை நான் கேக்க வரலை."

"என்ன?"

"நாலு குடுங்கன்னு கேக்க வரலை. நாலுன்னு சொல்ல வந்தேன். மத்தவன் வாயால கேக்கறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியணும்னு. பதினோரு வருஷம் கூட இருந்தோமேன்னு." டீயை ஒரு வாய் குடித்தான். "நீங்க அந்தக் காகிதத்தைப் படிச்சிருந்தாலும் நாலு வந்திருக்கும். கொஞ்சம் மெதுவா வந்திருக்கும்."

"காகிதம் உனக்குத் தெரியுமா?"

"டைப் அடிச்ச பையன் எங்க சங்கத்து ஆள்."

ராவுத்தர் முடிச்சை விட்டுவிட்டார். அப்படியானால் கையைப் பிடித்தபோதே தெரியும். சட்டைப்பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் அந்தச் சூடான கை வந்தது, சிரித்தது, இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு அசையாமல் காத்திருந்தது, ஒருவேளை இந்த ஆள் திருப்பிப் பிடிப்பானோ என்று. எத்தனை நேரம் காத்திருந்தான். ரொம்ப நேரம். இப்போது நினைத்தால் ரொம்ப நேரம். அலுப்பாகப் பின்னால் சாய்ந்தார். சாய இடமில்லை, பெஞ்சுக்கு முதுகு கிடையாது, அதை மறந்துவிட்டார். சட்டென்று முன்னால் வந்தார். டக்.

ராவுத்தர் அசையாமல் உட்கார்ந்தார். மசாலுவின் காலைப் பார்த்தார். இரண்டு காலும் தரையில் பதிந்து, சேர்ந்து, அசையாமல் இருந்தன. உடம்பைக் கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்தார். டக். வலதுபக்கம். டக். குனிந்து பார்த்தார். பெஞ்சின் ஒரு கால் மற்றதைவிட ஒரு விரல் அளவு கட்டை. மூச்சு விட்டால் போதும், ஆடியது.

"பதினோரு மாசமாவா?" என்றார்.

"ம்" என்றான் மசாலு. "அசையாம உக்காரப் பழகிட்டேன். ஆனா மூச்சு விடணுமே."